நான்காவது தடவை விழுந்த ரேகை

என் விரல்களில் ரேகை சரியாக விழாது. பதினேழு வயதில் கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்ததிலிருந்து சிமெண்ட் கலவை, சுண்ணாம்பு, இறால் ஓடு, படகுக் கயிறு என்று எதையெதையோ பிடித்த கைகள். சிம் கார்டு வாங்கப் போனால் கடைக்காரன் என் விரலைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போவான். பேங்கில் ஒருமுறை, "நீ உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்டார்கள். வேடிக்கையாகச் சிரித்துவிட்டு வருவேன். அந்த ரேகையை ஒருநாள் நான் வலிந்து விழவைத்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஓர் ஊரில் ஆறு மாதம் தங்கினால் எனக்கு உடம்பு கடுக்கும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான், வறுமையால் மட்டும் அல்ல. அந்தமானில் நான் அதிக நாள் இருந்த இடம் பாராடாங். சாலை போடும் காண்டிராக்டரோடு வந்தேன். வேலை முடிந்து அவர் போய்விட்டார், நான் போகவில்லை. படகுத்துறைக்கு மேலே இட்லி, வடை போட்டு விற்கிற ஓர் அக்கா ராமநாதபுரம் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊருடா நீ?" என்றார். ஊரைச் சொன்னேன். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய்தான். அன்றிலிருந்து அவர் வீட்டுப் பின்பக்கத் தகரச் சாய்ப்பில் எனக்கு இடம் கிடைத்தது.

அவருடைய வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிட்டேன். அவர் டூரிஸ்டுகளைச் சுண்ணாம்புக் குகைக்கு ஏற்றிப்போகும் மோட்டார் படகை ஓட்டினார். அலையாத்திக் காட்டுக்குள் ஓடை குறுகிப் போகும் இடத்தில், இரண்டு பக்கமும் கிளை உரசாமல், வேகத்தையும் குறைக்காமல் நுழைவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். படகு அவருடையது அல்ல, முதலாளியுடையது. ஆனால் அந்த நுழைவு அவருடையது.

நான் அங்கே இருந்தபோது ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து அக்காவுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"யே கோன்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் வந்தவர்.

"மேரா சோட்டா பாய்," என்றார் அக்கா, வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூடப் பொறந்தவன். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். தீவுகளில் இது புதிதல்ல. கணக்கெடுக்கிற அன்றைக்கு யார் வீட்டில் யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவன் அந்த வீட்டுத் தம்பியாகவோ கொழுந்தனாகவோ கார்டில் ஏறிவிடுவான். வங்காளி வீட்டிலும் உண்டு, தெலுங்கு வீட்டிலும் உண்டு. வீட்டுக்கு ஒரு தலைக்கான அரிசி கூடும். வந்தவனுக்கு முகவரி கிடைக்கும். அந்த முகவரியை வைத்து நான் ஐலேண்டர் கார்டு வாங்கினேன். தீவுக்காரன் என்று சொல்லும் அந்த அட்டை கையில் இருந்தால் கப்பல் டிக்கெட் கிடைக்கும், அதுவும் சல்லிசாக. அது இல்லாதவன் கவுண்டரில் நின்று நின்று, கடைசியில் கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். என்னைப் போல ஓடிக்கொண்டே இருப்பவனுக்கு அது பெரிய விஷயம். அக்கா வீட்டில் நான் மொத்தம் எட்டு மாதம்தான் இருந்தேன். அவர்கள் கார்டில் ஒன்பது வருஷம் இருந்தேன்.

அதற்குள் நான் ஹேவ்லாக்கில் பெயிண்ட் அடித்தேன், டிக்லிபூரில் மீன் படகில் சமைத்தேன், கடைசியாகக் கார் நிக்கோபாரில் அரசு ஊழியர் குடியிருப்பு கட்டும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. காண்டிராக்டர் சம்பளத்தைக் கையில் தரவில்லை, பேங்கில் போட்டார். முதல் முறையாக நான் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் சம்பளக்காரனாகத் தெரிந்தேன்.

அப்போதுதான் கார்டுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. கார்டில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும். கெடு தேதிக்குள் வைக்காதவன் பெயர் தானாக நீங்கிவிடும். வைத்தவர்களின் வருமானத்தையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். வரம்புக்குள் இருந்தால் மஞ்சள் கார்டு, மேலே போனால் வெள்ளைக் கார்டு. மஞ்சள் கார்டு உள்ள வீட்டுக்குத்தான் இலவச ஹெல்த் கார்டு. அதையும் அந்த வருஷம் புதிதாக எடுக்க வேண்டும், பழையது செல்லாது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம்தான். ஆனால் இங்கே முடியாது, மெயின்லேண்ட் போ என்று டாக்டர் எழுதிவிட்டால், அந்தக் கார்டு இருக்கிற ஏழை போவான், இல்லாத ஏழை யோசிப்பான்.

அக்கா எனக்கு போன் செய்தார். கார் நிக்கோபாரில் அப்போது சிக்னல் வந்து வந்து போகும். நான் ஒரு தென்னைமரத்தடியில் அசையாமல் நின்று பேசினேன்.

"டேய், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க்கா."

"பொய் சொல்லாத. சரி கேளு. அந்த விரல் வைக்கிற சமாச்சாரம் இருக்குல்ல? நீ வைக்காத. ஆபீஸ் பாபு சொல்றாரு, உன் சம்பளமும் எங்களோட சேந்துச்சுன்னா கார்டு வெள்ளையாயிருமாம். நீ சும்மா இருந்தாப் போதும், பேரு தானா விழுந்துரும்."

"சரிக்கா."

"உன் மச்சானுக்குக் கண்ணுல கொசு பறக்குற மாதிரி இருக்காம். பத்து நாளா சொல்றாக. போர்ட் பிளேர்ல காமிச்சோம். மெயின்லேண்ட் போக வேண்டி வந்தாலும் வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஹெல்த் கார்டு இல்லாம என்னடா பண்றது?"

"வைக்கலைக்கா. நான் என்ன குடும்பஸ்தனா, எனக்கு எதுக்கு ரேஷன்?"

"குடும்பஸ்தனா ஆகு மொதல்ல. முப்பது ஆகுது, இன்னும் சாய்ப்புலயே படுத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லாத," என்று சிரித்தார். சிக்னல் போய்விட்டது.

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன். நான்கு நாள் அப்படியேதான் இருந்தேன். பிறகு கூட வேலை செய்த ஒருவன், ரேஷன் கார்டில் பெயர் போனால் ஐலேண்டர் கார்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றான். என்னுடையது அந்த வருஷம் முடிகிறது. எனக்குக் கப்பல் கவுண்டர் கண்முன் வந்தது. கார் நிக்கோபாரிலேயே மாட்டிக்கொண்டு, போகிற கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. கண்ணில் கொசு பறப்பது ஒரு நோயா என்றும் யோசித்தேன். வெயிலில் படகு ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று நானே டாக்டராகிச் சொல்லிக்கொண்டேன். ஒரு ஆள் விரல் வைத்தால் எந்த ஆபீஸ் பார்க்கப் போகிறது என்றும் தோன்றியது.

கெடு முடிவதற்கு முதல் நாள் அங்கிருந்த ரேஷன் கடைக்குப் போனேன். மிஷினோடு உட்கார்ந்திருந்தவர் தெலுங்குக்காரர். முதல் தடவை விரல் விழவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை அவர் தன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அழுத்தச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கிஸ் கயா பாய்," என்றார், தேய்ந்துபோய்விட்டது என்று. "சோடோ, விட்டுடு. வீட்டுக்குப் போ."

நான் போகவில்லை. பின்னால் இருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கட்டைவிரலைச் செங்கல் சுவரில் மெதுவாகத் தேய்த்துக் காய்ந்த சிமெண்டை உரித்தேன். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டேன். திரும்பி வந்து வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. தெலுங்குக்காரர், "முபாரக்," என்று வாழ்த்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் இருப்பது போல இருக்கிறது.

இரண்டு வாரத்தில் அக்கா மறுபடி கூப்பிட்டார். மச்சானுக்கு வலது கண்ணில் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குவது போல இருக்கிறதாம். உள்ளே விழித்திரை கிழிந்திருக்கிறது, மெயின்லேண்டில் ஆபரேஷன் செய்ய வேண்டும், நாள் கடத்தாதீர்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். ஆனால் கார்டு வெள்ளையாகிவிட்டது. ஹெல்த் கார்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"நீதான் வைக்கலையே? அப்புறம் எப்படிடா உன் பேரு நிக்குது?"

"தெரியலையேக்கா. மிஷின் கோளாறா இருக்கும்."

அந்த வார்த்தையை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். மிஷின் கோளாறு சார், என் தம்பி விரல் வைக்கவே இல்லை சார். அவர்களும் நல்லவர்கள்தான், அடுத்த வாரம் பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நம்பியதால்தான் அக்கா வேறு வழி தேடவில்லை. காதில் கிடந்ததை விற்றுவிட்டுக் கிளம்பலாமா என்று என்னிடமே கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விற்றுக் கிளம்பியிருப்பார். நான், "கொஞ்சம் பொறுங்கக்கா, சரியாயிரும்," என்றேன்.

பிறகு ஆபீஸில், அந்தத் தம்பியே நேரில் வந்து நான் தனியாக இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பெயரை நீக்கிவிடலாம் என்றார்கள்.

"ஒடனே வாடா. ஒரு கையெழுத்துதான்."

"கடல் சரியில்லக்கா. கப்பல் இல்ல."

முதல் பத்து நாள் அது உண்மை. அதற்குப் பிறகு கப்பல் வந்தது. மூன்று தடவை வந்தது. துறையில் நின்று மூட்டை இறக்கக்கூட உதவினேன். அக்காவிடம் கப்பல் இல்லை என்றே சொன்னேன். ஆபீஸில் என்னை நிறுத்திக் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்ற பயம். கடைசியில் நான் போனதும் மனசு கேட்காமல் அல்ல. கட்டட வேலை முடிந்து காண்டிராக்டர் எல்லோரையும் அனுப்பிவிட்டார். அதனால் போனேன். இதை இப்படியே எழுதிவிடுவதுதான் சரி.

போர்ட் பிளேரில் இறங்கி, பஸ் பிடித்து, காட்டுவழியில் கூட்டமாக விடும் வண்டிகளோடு சேர்ந்து போய், ஃபெரியில் பாராடாங் சேர்ந்தபோது மச்சான் துறையில் நின்றிருந்தார். படகில் இல்லை, கரையில். டூரிஸ்டுகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினார், கோழி பார்ப்பது போல.

"வாய்யா கலெக்டரே. மிஷின் பண்ண வேலையப் பாத்தியா?"

மறுநாள் அக்காவும் நானும் ஆபீஸுக்குப் போனோம். பாபு வங்காளி, நிதானமான மனிதர். எங்கள் கார்டு எண்ணைத் தட்டினார். திரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பினார்.

"கோளாறு இல்லையே, தீதி," என்றார் இந்தியில். "இதோ. கார் நிக்கோபார் கடை. மூன்று தடவை விழவில்லை. நான்காவது தடவை ஓகே."

அக்காவுக்கு இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் திரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். முகத்தை அல்ல, கையை. நான் அதை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

பாபு என்னைக் கேட்டார்: "நீ இவரோட தம்பிதானே?"

இல்லை என்றால் ஒன்பது வருஷம் வாங்கிய அரிசிக்கு அக்கா பதில் சொல்ல வேண்டும். கார்டே போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "தம்பிதான்," என்றார்.

"அப்படியென்றால் தனியாகப் போனதற்கு என்ன காரணம்? எழுத வேண்டும்."

"என் சாம்பார் பிடிக்கலையாம் இவனுக்கு," என்றார் அக்கா, இந்தியில், முகம் மாறாமல். "அதான் போயிட்டான்."

பாபு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு, குடும்பத்திலிருந்து பிரிந்து வாழ்கிறேன், இனி இந்த வீட்டோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்று ஒரு தாளில் அடித்துக்கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். கூடப் பிறக்காதவன், பிரிந்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். அது பொய்யாகத் தோன்றவில்லை என்பதுதான் கஷ்டம்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"ஒனக்குத்தான் ரேகையே விழாதே. எப்படிடா விழுந்துச்சு?"

"சோப்புப் போட்டுக் கழுவுனேன்."

"ம்."

"செவத்துல தேச்சேன்."

"போதும்."

ஒரு பாலம் கடந்தது. "ஒன் மச்சான்கிட்ட மிஷின் கோளாறுன்னே சொல்லியிருக்கேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

"நான் சொல்லிடுறேங்க்கா."

"நீ சொல்லி? அந்த மனுஷன் ஒன்னைய அடிப்பாரு. அடிச்சா ஒனக்கு நல்லாருக்கும். அப்புறம் என் பக்கம் திரும்பி, யாரோ ஒருத்தனத் தம்பின்னு எழுதுனவ நீதானேன்னு கேப்பாரு. அதை நான் ஆயுசுக்கும் கேக்கணுமா? வாயப் பொத்திக்கிட்டு இரு."

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இறங்கும்போது எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்திருந்தது தெரிந்தது.

மஞ்சள் கார்டு திரும்ப வந்தது. ஹெல்த் கார்டும் வந்தது. அவர்கள் இருவரும் கப்பலில் போனார்கள். அங்கே டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். செலவு எல்லாம் கார்டிலேயே போயிற்று, ஒரு குறையும் இல்லை. ஆனால் திரை முழுதாக இறங்கி நாளாகிவிட்டதாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பார்வையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றார்களாம். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. குறுகிய ஓடையில் படகை நுழைக்க முதலாளி விடவில்லை. மச்சான் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார், கயிறு கட்டுகிறார்.

அவர்கள் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துப் போனேன். மச்சான்தான் டீ ஊற்றிக் கொடுத்தார். டம்ளருக்கு அரை அங்குலம் தள்ளி மேஜையில் ஊற்றினார். அக்கா டம்ளரை நகர்த்தி ஊற்றுக்கு நேராக வைத்தார். பழகிவிட்டது போல.

"டேய், நீ எட்டாவது படிச்சவன்தானே," என்றார் மச்சான். "ஒரு மனு எழுதணும். அந்த மிஷினால எனக்குக் கண்ணு போச்சு. நஷ்டஈடு குடுக்கட்டும், குடுக்காட்டிப் போகட்டும். இன்னொருத்தனுக்கு இப்படி ஆகக் கூடாதுல்ல?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வடை மாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மனுவெல்லாம் எதுக்கு?" என்றார் அக்கா.

"ஏன், பயமா? மிஷின் என்ன ஒன் மாமனா மச்சானா?"

மச்சான் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் விரல் வைக்காதபோதே வைத்ததாக மிஷின் தவறாகப் பதிந்துகொண்டது என்ற வரியையும் என் கையாலேயே எழுதினேன். "தவறாக"வுக்குப் பதில் "அநியாயமாக" என்று போடச் சொன்னார். அடித்துவிட்டுப் போட்டேன். தாளை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்தெழுத்தாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"அழகா எழுதுற. போர்ட் பிளேர் ஆபீஸ்ல நீயே குடுத்துரு. நான் தபால்ல போட்டாத் தூக்கிப் போட்ருவான்."

வாங்கிக்கொண்டு ஃபெரி ஏறினேன். என் ஐலேண்டர் கார்டு காலாவதியாகிவிட்டது. இப்போது போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுகிறேன், நாலு மாதமாக ஒரே இடத்தில் இருக்கிறேன். மனு என் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. கொடுத்தால் அங்கேயும் ஒரு பாபு கம்ப்யூட்டரைத் திறப்பார், விரல் வைத்தது நான்தான் என்று மச்சானுக்குப் பதில் போகும். கிழித்துப்போடவும் கை வரவில்லை, அதில் அவர் கையெழுத்து இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பிறகு அதைக் கேட்கிறார்.

"பதில் ஏதும் வந்துச்சாடா?"

"இன்னும் வரல மச்சான்," என்கிறேன்.

"வரும், வரும். அவசரப்படாத," என்கிறார்.